இரண்டு முடிவு நாட்கள்

நேயர்களுக்கு வணக்கம். நவீன நிறுவனங்களில் திட்டங்களை எப்படி நடத்துகிறார்கள், அந்தத் திட்டங்கள் கொண்டுவரும் மாற்றங்களை அந்நிறுவனங்கள் எப்படித் தாங்கிக்கொள்கின்றன என்பது பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். மேலாண்மைப் பாடநூல்கள் இவ்விரண்டையும் தனித்தனிப் பாடங்களாகவே நடத்துகின்றன. நிறுவனங்களிலும் பெரும்பாலும் ஒன்றுக்குத் திட்ட அலுவலகமும் மற்றொன்றுக்கு மனிதவளத் துறையும் பொறுப்பேற்கின்றன. சிக்கல்கள் பலவும் இந்தப் பிரிவினையிலிருந்தே தொடங்குகின்றன என்பது என் கருத்து.

ஒரு நிறுவனம் தன் கொள்முதல் கணக்குகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். குறித்த நாளில் மென்பொருள் இயங்கத் தொடங்குகிறது. திட்டக் குழுவுக்குப் பாராட்டு மின்னஞ்சல் வருகிறது, குழு கலைகிறது, அதிலிருந்தவர்கள் அடுத்த திட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆறு மாதம் கழித்துக் கொள்முதல் பிரிவுக்குள் சென்று பார்த்தால், ஊழியர்கள் ஒவ்வொரு கணக்கையும் புதிய மென்பொருளில் ஒரு முறையும், தங்களுடைய பழைய எக்செல் தாளில் இன்னொரு முறையும் பதிந்துகொண்டிருப்பதைப் பல இடங்களில் காணலாம். எதை நம்புகிறீர்கள் என்று கேட்டால் தயங்காமல் எக்செல் தாளைத்தான் காட்டுவார்கள். திட்டம் முடிந்த நாள் ஒன்று, மாற்றம் முடியும் நாள் வேறொன்று. முதல் நாள் எல்லா அறிக்கைகளிலும் இருக்கும். இரண்டாவது நாளை யாரும் குறித்து வைப்பதுமில்லை, அதற்கென்று பணம் ஒதுக்குவதுமில்லை.

இந்த நிலைக்கு வரலாற்றில் ஒரு காரணம் உண்டு. திட்ட மேலாண்மையின் கருவிகள் பலவும் மனிதர்களின் மனநிலை பெரிதாகக் குறுக்கிடாத வேலைகளுக்காகப் பிறந்தவை. எந்த வேலை எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பதைக் கோடுகளாகக் காட்டும் அட்டவணையை அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி கான்ட் 1910களில் தொழிற்சாலை உற்பத்திக்காகப் பரப்பினார். எந்த வேலை ஒரு நாள் தாமதமானால் திட்டம் முழுவதும் ஒரு நாள் தள்ளிப்போகும் என்று கணக்கிட்டுக் காட்டும் முறை, 1950களின் இறுதியில் டூபான்ட் வேதிப்பொருள் நிறுவனத்தில், ஆலைகளைக் கட்டும் வேலைக்காகவும் பழுதுபார்க்கும் வேலைக்காகவும் உருவானது. அதே காலத்தில், 1958இல், அமெரிக்கக் கடற்படை தன் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக, வேலைகளின் வரிசையையும் அவற்றுக்கு ஆகக்கூடிய காலத்தையும் மதிப்பிடும் பெர்ட் என்னும் முறையை வகுத்தது. இவை சிறந்த கருவிகள். இன்றும் இவை இல்லாமல் பெரிய திட்டம் எதையும் நடத்த முடியாது. ஆனால் ஆலையின் கொதிகலனைப் பிரித்துப் பழுதுபார்த்து மீண்டும் பூட்டினால் அது இயங்கத் தொடங்கிவிடும். பழைய குழாயைப் பற்றிய நினைவு எதுவும் அதற்குக் கிடையாது. கணக்குப் பிரிவில் பதினைந்து ஆண்டுகள் வேலை பார்த்தவருக்கு அந்த நினைவு உண்டு, பழைய முறையில் தான் தேர்ந்தவர் என்ற பெருமையும் உண்டு. அந்தத் தேர்ச்சி ஒரே நாளில் பயனற்றுப்போவதை எந்த அட்டவணையும் ஒரு கோடாக வரைந்து காட்டுவதில்லை.

கால மதிப்பீட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உளவியலாளர் டேனியல் கானமன் ஒருமுறை, முடிவெடுத்தல் பற்றிப் பள்ளி மாணவர்களுக்கான பாடநூல் ஒன்றைத் தயாரிக்கும் குழுவில் இருந்தார். நூலை முடிக்க எவ்வளவு காலம் ஆகும் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதிக் கொடுத்தபோது எல்லா விடைகளும் இரண்டு ஆண்டுகளை ஒட்டியே இருந்தன. குழுவிலேயே பாடத்திட்ட வல்லுநர் ஒருவர் இருந்தார். இதற்கு முன் இதே போன்ற குழுக்களுக்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்று அவரிடம் கேட்டபோது, அவற்றுள் 40 விழுக்காடு முடிக்காமலே விட்டுவிட்டன, முடித்தவற்றுக்கு ஏழு முதல் பத்து ஆண்டுகள் ஆயின என்று அவர் சொன்னார். அந்த வல்லுநரும் சற்று முன்னர் மற்றவர்களைப் போலவே இரண்டு ஆண்டுகள் என்றுதான் எழுதியிருந்தார் என்பதே இதில் வியப்பு. நூல் முடிய எட்டு ஆண்டுகள் ஆயிற்று. தன் திட்டத்தை உள்ளிருந்து மட்டும் பார்ப்பவர், முன்னனுபவம் தன்னிடமே இருந்தாலும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. கானமனும் அவருடைய சக உளவியலாளர் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் இந்தப் போக்குக்குத் திட்டமிடல் மயக்கம் என்ற பொருளில் பெயரிட்டார்கள்.

இந்த மயக்கத்தின் சுமை யார் தலையில் விழுகிறது என்பதுதான் நமக்கு வேண்டியது. திட்டத்தின் தொடக்க வேலைகள் இழுத்துக்கொண்டே போகின்றன. கெடு மட்டும் நகர்வதில்லை, ஏனெனில் அதைத் தலைமை ஏற்கெனவே வெளியே அறிவித்துவிட்டது. அப்போது வெட்டப்படுவது அட்டவணையின் வால்பகுதி. சோதனையும், பயிற்சியும், பழைய முறையையும் புதிய முறையையும் சில வாரங்கள் சேர்த்து ஓட்டிப் பார்ப்பதும் அங்கேதான் இருக்கின்றன. இரண்டு வாரப் பயிற்சி இரண்டு நாளாகச் சுருங்குகிறது, இரண்டு நாள் பயிற்சி ஒரு மணி நேரக் காணொளியாகிறது. புதிய முறையோடு வாழப்போகிறவர்களுக்கு ஒதுக்கிய நேரம் அதை உருவாக்கியவர்களின் தாமதத்துக்கு ஈடாகப் போய்விடுகிறது. இதை நான் கணக்கியல் மோசடிக்கு நிகராகவே கருதுகிறேன், ஆனால் எந்தத் தணிக்கையிலும் இது வெளிப்படுவதில்லை.

அண்மைக் காலத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி, தன் முன்னாள் தாய் வங்கியின் கணினி அமைப்பிலிருந்து புதிய அமைப்புக்கு 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் மாறியது. வாடிக்கையாளர்களின் தரவுகள் புதிய இடத்துக்குச் சரியாகவே வந்து சேர்ந்தன. ஆனால் அவற்றை இயக்க வேண்டிய அமைப்பு தடுமாறியது. 19 லட்சம் வாடிக்கையாளர்கள் வரை தங்கள் கணக்குகளுக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். வங்கி முழுமையாக இயல்பு நிலைக்குத் திரும்ப அந்த ஆண்டு டிசம்பர் ஆகிவிட்டது. தலைமைச் செயல் அலுவலர் அதற்கு முன்பே பதவி விலகினார். 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் வங்கிக்கு 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம் விதித்தன. தரவு மாற்றம் என்ற குறுகிய பொருளில் பார்த்தால் அந்த வார இறுதியின் வேலை முடிந்துவிட்டது. திங்கட்கிழமை காலை கிளைக்கு வந்த வாடிக்கையாளருக்கும், அவர் முன் திரையைப் பார்த்தபடி நின்ற ஊழியருக்கும் அந்தக் குறுகிய பொருளால் எந்தப் பயனும் இல்லை.

இனி, ஊழியர்கள் மாற்றத்தை எதிர்க்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். மேலாண்மைக் கூட்டங்களில் இதைவிட அதிகமாக ஒலிக்கும் புகார் இல்லை. இதைச் சோதித்துப் பார்த்த பழைய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பைஜாமா தைக்கும் ஹார்வுட் என்னும் தொழிற்சாலையில் லெஸ்டர் காக், ஜான் ஃபிரெஞ்ச் ஆகிய இருவரும் நடத்திய அந்த ஆய்வு 1948இல் வெளிவந்தது. வேலைமுறையில் சிறு மாற்றம் செய்தாலும் அங்கே உற்பத்தி சரிந்தது, பலர் வேலையை விட்டுச் சென்றார்கள். ஆய்வாளர்கள் தொழிலாளர்களைச் சில குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கம்போல நிர்வாகமே மாற்றத்தை முடிவு செய்து, கூட்டம் போட்டு விளக்கி, கேள்விகளுக்கும் விடை சொன்னது. இன்னொரு குழு தன் பிரதிநிதிகள் வழியாக மாற்றத்தை வடிவமைப்பதில் கலந்துகொண்டது. மற்றக் குழுக்களில் எல்லாத் தொழிலாளர்களும் நேரடியாகக் கலந்துகொண்டார்கள். விளக்கம் மட்டும் பெற்ற குழுவின் உற்பத்தி மீளவே இல்லை. முதல் 40 நாட்களில் அக்குழுவினரில் 17 விழுக்காட்டினர் வேலையை விட்டார்கள். எல்லோரும் கலந்துகொண்ட குழுக்கள் விரைவில் பழைய அளவை எட்டி, பின்னர் அதைவிட 14 விழுக்காடு வரை கூடுதலாகவும் உற்பத்தி செய்தன.

இந்த ஆய்வை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதன் பிற்பகுதி. மீள முடியாத அந்த முதல் குழுவில் எஞ்சியிருந்தவர்களைச் சில மாதங்களுக்குப் பின் மீண்டும் ஒன்றுசேர்த்து, வேறொரு வேலைக்கு மாற்றினார்கள். இம்முறை அவர்களையும் வடிவமைப்பில் முழுமையாகச் சேர்த்துக்கொண்டார்கள். அதே மனிதர்கள் இப்போது விரைவாகத் தேறினார்கள். எதிர்ப்பு அவர்களுடைய இயல்பில் இருந்திருந்தால் அது அவர்களோடேயே வந்திருக்க வேண்டும். குழுக்கள் சிறியவை, தொழிற்சாலை ஒன்றே ஒன்று, ஆகவே இதிலிருந்து உலகத்துக்கெல்லாம் பொது விதி வகுப்பது சரியாகாது. ஆனால் கூட்டம் போட்டு விளக்கம் தருவதையே இன்றும் பல நிறுவனங்கள் மாற்ற மேலாண்மை என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது, மோசமான விளைவைக் கண்ட குழுவுக்கும் அதே விளக்கக் கூட்டம் நடந்தது என்பதை நினைவுபடுத்தாமல் இருக்க முடியவில்லை.

எதிர்ப்பு என்று சொல்லப்படுவதற்குள் பல சமயம் ஒரு தகவல் இருக்கிறது. பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களை ஆராய்ந்து எரிக் ட்ரிஸ்ட், கென் பாம்ஃபோர்த் ஆகியோர் 1951இல் எழுதியது இதை நன்றாக விளக்கும். பாம்ஃபோர்த் தாமே முன்பு சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். பழைய முறையில் இரண்டு மூன்று பேர் கொண்ட சிறு குழுக்கள் தங்கள் கூட்டாளிகளைத் தாங்களே தேர்ந்துகொண்டு, நிலக்கரியை வெட்டுவது முதல் வெளியேற்றுவது வரை எல்லா வேலைகளையும் பொறுப்பேற்றுச் செய்தார்கள். இயந்திரங்கள் வந்தபோது ஏறத்தாழ 40 பேர் கொண்ட பெருங்குழு அமைந்தது. வேலை மூன்று ஷிஃப்டுகளாகப் பிரிந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு வேலை மட்டுமே கிடைத்தது. ஒரு ஷிஃப்டில் விட்ட குறை அடுத்த ஷிஃப்டின் சுமையாயிற்று, அதைச் செய்தவர்களோ அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். உற்பத்தி எதிர்பார்த்த அளவு உயரவில்லை, வேலைக்கு வராமல் இருப்பது பெருகியது. இயந்திரங்களில் பழுதில்லை. சுரங்கத்தின் கூரை எங்கே பலவீனமாக இருக்கிறது, இன்று யாருக்கு உடல்நிலை சரியில்லை, யாருக்கு யார் கைகொடுப்பது என்பதையெல்லாம் தாங்களே பேசித் தீர்த்துக்கொண்ட சிறு குழுக்கள், புதிய அமைப்பு வரைபடத்தில் காணாமல் போயிருந்தன.

இன்றைய அலுவலகங்களிலும் இது நடக்கிறது. இரண்டு துறைகளை இணைக்கும்போது பதவிகளையும் ஊதியங்களையும் கணக்கெடுக்கிறோம். வாடிக்கையாளர் புகார் பெரிதாவதற்கு முன் கிடங்கில் யாரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்பதை ஓர் எழுத்தர் அறிந்திருப்பது எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அவர் கூட்டத்தில் எழுந்து, இது சரிப்படாது என்று சொன்னால் அதை முணுமுணுப்பு என்று குறித்துக்கொள்கிறோம். ஏன் சரிப்படாது என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தால், ஆலோசகர்களுக்குப் பெருந்தொகை கொடுத்தும் கிடைக்காத தகவல் கிடைக்கக்கூடும். எல்லா எதிர்ப்புக்கும் இப்படி நல்ல காரணம் இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். சிலர் தங்கள் அதிகாரத்தைக் காத்துக்கொள்ளவே எதிர்க்கிறார்கள், அவர்களில் மேல்நிலையில் இருப்பவர்களும் உண்டு. யார் எந்த வகை என்பது கேட்டுப் பார்த்தபின்தான் தெரியும்.

இடைநிலை மேலாளர்களையும் இங்கே மறக்கக் கூடாது. மறுசீரமைப்புத் திட்டத்தை உயர்மட்டக் குழு பல மாதங்கள் விவாதித்து, கோபப்பட்டு, சமரசமாகி, மெல்ல மெல்லப் பழகியிருக்கும். இடைநிலை மேலாளருக்கு அது அறிவிப்புக்கு முந்தைய நாள் மாலையில் தெரியவரும். மறுநாள் காலை தன் குழுவுக்கு அவர் அதை உற்சாகத்தோடு விளக்க வேண்டும். தங்களுக்குப் பல மாதங்கள் தேவைப்பட்டதை மற்றவர்கள் ஒரே இரவில் செய்துமுடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள், பிறகு இடைநிலை மேலாளர்களிடம் ஈடுபாடில்லை என்று குறைபட்டுக்கொள்கிறார்கள்.

நேயர்களே, நிறுவன மாற்ற முயற்சிகளில் 70 விழுக்காடு தோல்வியடைகின்றன என்ற கூற்றை நீங்கள் கேட்டிருக்கலாம். அதற்கு உறுதியான அடிப்படை இல்லை. மேலாண்மை நூலாசிரியர்களான மைக்கேல் ஹேமரும் ஜேம்ஸ் சேம்பியும் 1993இல் வணிக நடைமுறைகளின் மறுவடிவமைப்பைப் பற்றிச் சொன்ன, அறிவியல் முறைப்படியானதல்ல என்று அவர்களே ஒப்புக்கொண்ட ஒரு மதிப்பீட்டிலிருந்து அது கிளைத்துப் பரவியது. மார்க் ஹியூஸ் என்னும் ஆய்வாளர் 2011இல் அந்த எண்ணைச் சொன்ன ஆதாரங்களைத் தேடிப் பார்த்து, அதைத் தாங்கும் சான்று இல்லை என்று காட்டினார். அந்த எண்ணை நம்பாமலிருப்பது நல்லது. நம் நிறுவனத்தில் பழைய எக்செல் தாள் எத்தனை இடங்களில் இன்னும் திறக்கப்படுகிறது என்று எண்ணிப் பார்ப்பது அதைவிடப் பயனுள்ளது. மாற்றம் முடிந்துவிட்டதா என்பதற்கு அதைவிட நேர்மையான அளவுகோலை நான் பார்த்ததில்லை.

நடைமுறையில் என்ன செய்யலாம்? திட்டக் குழுவில் இருவர் மூவரையாவது, புதிய முறை நடைமுறைக்கு வந்த பின்னும் சில மாதங்கள் பயனாளிகளோடேயே அமர்த்தி வைக்கலாம். அவர்களுடைய ஊதியத்தைத் திட்டச் செலவில் தொடக்கத்திலேயே சேர்த்துவிட வேண்டும், இல்லையெனில் அவர்கள் முதல் நெருக்கடியிலேயே வேறிடத்துக்கு இழுக்கப்படுவார்கள். உளவியலாளர் கேரி கிளைன் பரிந்துரைத்த ஒரு பயிற்சியும் உதவும்: திட்டம் தொடங்கும் முன்பே, அது படுதோல்வி அடைந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, அதற்கான காரணங்களைக் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் எழுதித் தர வேண்டும். சாதாரணக் கூட்டத்தில் ஐயம் எழுப்புபவர் அவநம்பிக்கையாளர் ஆகிவிடுகிறார், இந்தப் பயிற்சியிலோ ஐயத்தை எழுதுவதே அவருக்குத் தரப்பட்ட வேலை.

இவற்றைவிட முதலில் செய்ய வேண்டியது என்று நான் கருதுவது மிக எளியது. திட்ட அலுவலகத்தில் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஓர் அட்டவணை இருக்கும். ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் அட்டவணை இருக்காது. கணக்குப் பிரிவுக்கு அடுத்த மூன்று மாதங்களில் புதிய மென்பொருள், புதிய ஒப்புதல் விதிகள், இடமாற்றம், புதிய மேலாளர் என எத்தனை மாற்றங்கள் எந்தெந்த வாரத்தில் வந்து சேரும் என்பதை ஒரே தாளில் எழுதச் சொன்னால், பெரும்பாலான நிறுவனங்களில் எழுதக்கூடியவர் ஒருவர்கூட இருக்க மாட்டார். ஒவ்வொரு திட்ட மேலாளரும் தன் திட்டம் ஒன்றையே அறிவார், எல்லாம் சேர்ந்து எந்தத் தோளில் இறங்குகின்றன என்பதை யாரும் அறியார். அந்தத் தாளைத் தயாரிக்கும் பொறுப்பை ஒருவருக்குக் கொடுத்து, நெரிசல் மிகுந்த வாரத்தில் ஒரு திட்டத்தின் நாளைத் தள்ளிவைக்கும் அதிகாரத்தையும் அவருக்கே எழுத்தில் கொடுக்க வேண்டும். அதிகாரம் இல்லாமல் தாளை மட்டும் கேட்டால் அதுவும் இன்னோர் எக்செல் கோப்பாகவே முடியும். நன்றி, வணக்கம்.