கேட்டால்தான் மன்னிப்பா?

நடுவர் ஐயா அவர்களுக்கும், சேகர குருவானவர் அவர்களுக்கும், அசனப் பந்தி ஆரம்பிக்கும் முன்னால் ஒரு வழக்கையும் கேட்டுவிடுவோம் என்று உட்கார்ந்திருக்கிற சபையாருக்கும் என் ஸ்தோத்திரங்கள்.

"நெடுநாள் கசப்பு தீர்வது எதிராளி மன்னிப்புக் கேட்பதாலா, நாம் மன்னிப்பதாலா?" இதுதான் பட்டிமன்றத் தலைப்பு. நாம் மன்னிப்பதால்தான் என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய அக்கா, "கேட்பதால்தான்" என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். கைதட்டலும் பலமாக இருந்தது. இருக்காதா பின்னே? யாராவது ஒருவர் வந்து "தப்புதான், மன்னிச்சிரு" என்று நம்மிடம் சொல்ல மாட்டாரா என்று பாதிப் பேர் காத்துக்கொண்டுதானே இருக்கிறோம்!

நம் ஊர்க் கசப்பு எங்கே ஆரம்பிக்கும்? கல்யாணப் பத்திரிகையில். தாய்மாமன் பெயர் விட்டுப்போயிருக்கும். அன்றைக்கு மாப்பிள்ளையாக நின்றவர் இன்றைக்குத் தன் மகளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருப்பார். மாமா இன்னும் அந்த வீட்டுப் படி ஏறியிருக்க மாட்டார். சொத்துத் தகராறு என்றால் கேட்கவே வேண்டாம். அண்ணன் திருவிருந்துக்கு எழுந்தால் தம்பி அடுத்த வரிசை வரட்டும் என்று உட்கார்ந்துவிடுவார். ஒரே அப்பம், ஒரே பாத்திரம், முழங்கால் போடுகிற நேரம் மட்டும் வேறே! "அவன் வந்து கேக்கட்டும், நான் மன்னிக்கிறேன்" என்பார் அண்ணன். அந்த வீட்டில் தம்பியும் அச்சு மாறாமல் அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார். இதில் யார் முதலில் வருவது? அக்கா வழியில் போனால் இரண்டு பேரும் கல்லறைத் தோட்டத்தில்தான் பக்கத்தில் பக்கத்தில் படுப்பார்கள்.

அக்கா வசனத்தோடு வந்தார்கள். லூக்கா 17:3. "அவன் மனஸ்தாபப்பட்டால், அவனுக்கு மன்னிப்பாயாக." நல்ல வசனம், இதைத் தாண்டி நான் ஓடிவிட முடியாது. ஆனால் திரும்பி வருகிறவனைத் துரத்தாதே என்கிறது அந்த வசனம். அவன் வரும்வரை கசப்பைக் கட்டிக்காத்துக்கொண்டிரு என்று அதில் எங்கே இருக்கிறது? மாற்கு 11:25-ஐயும் கொஞ்சம் திருப்புங்கள். "நீங்கள் நின்று ஜெபம்பண்ணும்போது, ஒருவன்பேரில் உங்களுக்கு யாதொரு குறை உண்டாயிருக்குமானால்" மன்னியுங்கள் என்கிறார் ஆண்டவர். ஜெபம் பண்ணும்போது எதிராளி பக்கத்திலா நிற்கிறான்? அவன் அவன் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பான்! அங்கேயே, அவன் இல்லாதபோதே, முடித்துவிடு என்கிறார். அறுந்த உறவு மறுபடி ஒட்ட இரண்டு பேர் வேண்டும், அதற்கு அவன் வந்து கேட்கத்தான் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நடுவர் ஐயா கொடுத்த தலைப்பு உறவைப் பற்றியது இல்லை, கசப்பைப் பற்றியது.

யோசேப்பைக்கூட அக்கா தன் அணியில் சேர்த்துக்கொண்டார்கள். தன்னை அடிமையாக விற்றுப்போட்ட அண்ணன்மார் மனம் மாறியதைச் சோதித்துப் பார்த்துத்தான் மன்னித்தாராம். சோதித்தார், உண்மை. ஆனால் அவர்கள் வாய் திறந்து மன்னிப்புக் கேட்டது எப்போது? ஆதியாகமம் 45-ல் யோசேப்பு அவர்களைக் கட்டிக்கொண்டு அழுகிறார். அப்பா யாக்கோபு எகிப்துக்கு வந்து 17 வருஷம் இருந்து கண்ணை மூடுகிறார். அப்புறம்தான் 50-ஆம் அதிகாரத்தில், அப்பாவும் போய்விட்டாரே, இனி நம்மைச் சும்மா விடுவானா என்ற பயத்தில், ஆள் அனுப்பி மன்னிப்புக் கேட்கிறார்கள். அக்கா சொல்கிறபடி பார்த்தால் யோசேப்பு அந்த 17 வருஷமும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் தானியம் அளந்து கொடுத்திருக்க வேண்டும்!

"இதெல்லாம் வேதாகமக் காலம், இன்றைக்கு நடக்குமா?" என்று கேட்டார்கள். கிரகாம் ஸ்டெயின்ஸை மறந்துவிட்டோமா? ஒடிசா, பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்கு ஊழியம் செய்தவர். 1999 ஜனவரியில் மனோகர்பூர் கிராமத்தில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த அவரையும், 10 வயது பிலிப்பையும், 6 வயது தீமோத்தேயையும் உயிரோடு எரித்தார்கள். மனைவி கிளாடிஸ் அம்மா அந்த மாதமே சொல்லிவிட்டார், மன்னித்துவிட்டேன் என்று. முக்கியக் குற்றவாளி தாரா சிங் பிடிபட்டது 2000 ஜனவரிக் கடைசியில். மன்னிப்புக் கேட்க வேண்டிய அந்த ஆள் பிடிபடுவதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே மன்னிப்பு கொடுத்தாகிவிட்டது!

"அப்படியானால் கொலைகாரனை விட்டுவிடுவதா?" என்று அக்கா கேட்பார்கள். யார் விட்டார்கள்? கீழ்நீதிமன்றம் 2003-ல் மரண தண்டனை விதித்தது, உயர் நீதிமன்றம் 2005-ல் ஆயுளாகக் குறைத்தது, உச்ச நீதிமன்றம் 2011-ல் அதை உறுதி செய்தது. சட்டம் தன் வேலையைச் செய்தது, அந்த அம்மாவின் மன்னிப்பு அதற்குக் குறுக்கே நிற்கவில்லை. அடிக்கிற புருஷனை மன்னித்துவிட்டு அடுத்த அடிக்கும் முதுகைக் காட்டு என்று சில வீடுகளில் பெண்களுக்குப் புத்தி சொல்கிறோமே, அதை மன்னிப்புக் கணக்கில் எழுதாதீர்கள். பழிவாங்குவதை விட்ட கிளாடிஸ் அம்மா, பாரிபதாவை விட்டு ஓடவில்லை. மகள் எஸ்தரோடு இருந்து 2004 வரை அந்த ஊழியத்தை நடத்தினார்.

சரி, எதிரணிக்காக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். எதிராளி வந்து கேட்டேவிட்டான். உடனே கசப்பு தீர்ந்துவிடுமா?

நெதர்லாந்தில் ஹார்லெம் நகரத்துக் கடிகாரக் கடைக் குடும்பம். யூதர்களை வீட்டில் ஒளித்து வைத்ததற்காக 1944-ல் ஹிட்லரின் நாஜிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்பா சில நாளிலேயே சிறைக்காவலில் இறந்தார். ராவன்ஸ்புரூக் என்ற நாஜி வதைமுகாமில் அக்கா பெட்சி அந்த டிசம்பரில் இறந்தார். தங்கை கோரி டென் பூம் பிழைத்து வந்தார். 1947-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரத்து ஆலயம் ஒன்றில் நின்று, தேவன் மன்னிக்கிறவர் என்று பிரசங்கம் செய்தார். கூட்டம் கலைகிறபோது ஒருவர் முன்னால் வந்தார். அதே முகாமின் காவலர்! நானும் இப்போது கிறிஸ்தவன், நீங்கள் என்னை மன்னிப்பீர்களா என்று கை நீட்டினார். எதிரணி எதிர்பார்க்கிற காட்சி இதுதானே? கேட்டுவிட்டார், அதுவும் நேரிலேயே வந்து. ஆனால் கோரியின் கை எழவில்லை. மன்னிப்பைப் பற்றி அப்போதுதான் பிரசங்கித்து முடித்த அம்மா! அக்கா பெட்சியின் சாவு கண் முன்னால் வந்து நின்றது. கையை மட்டும் நீட்டுகிறேன், மனசை நீர் பார்த்துக்கொள்ளும் என்று உள்ளுக்குள் ஜெபித்து, மரம் மாதிரி கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்த பிறகுதான் உள்ளே கட்டியாயிருந்தது கரைந்தது என்று அவரே எழுதியிருக்கிறார்.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்து எதிரணித் தலைவர் அண்ணன் பேச வருகிறார். காவலர் வாய் திறந்து கேட்ட பிறகும் அந்த அம்மாவின் கை ஏன் உடனே எழவில்லை என்பதற்கு மட்டும் முதலில் பதில் சொல்லிவிட்டு, மீதியை அவர் பேசட்டும் ஐயா. நன்றி, வணக்கம்.