வீட்டின் மேல் விழுந்த தென்னையை எந்த முனையிலிருந்து அறுப்பது?

வணக்கம் நண்பர்களே. நான் இப்போது நிற்பது பேராவூரணிப் பக்கம் உள்ள எங்கள் ஓட்டு வீட்டின் நடுக்கூடத்தில். தலைக்கு மேலே பாருங்கள். கூரை உச்சியில் நீளமாக ஓடும் மரமான மோட்டுவளையில் இரும்புப் பட்டை போட்டு இறுக்கிய ஓர் இடம் தெரிகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து எங்கள் பக்கம் வந்தபோது, கொல்லையில் நின்ற 40 வயதுத் தென்னை வேரோடு சாய்ந்து வந்து அழுந்திய இடம் அது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் இதே நிலையில் யாராவது என்னிடம் வழி கேட்கிறார்கள். ஆகவே அன்று நாங்கள் செய்ததையும், செய்யாமல் விட்டதையும் இந்த இடத்திலேயே நின்று சொல்லிவிடுகிறேன்.

விடிந்ததும் எல்லோர் கையும் அரிவாளுக்குத்தான் போனது. வீட்டின் மேல் ஒரு மரம் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனம் கேட்பதில்லை. ஆனால் அந்த மரம் அப்போதைக்கு ஏதோ ஒரு சமநிலையில் தங்கி நிற்கிறது என்பதை முதலில் உணர வேண்டும். எங்கள் தென்னையின் வேர்ப்பக்கம் கொல்லையில் இருந்தது, தண்டு மோட்டுவளையின் மேல் குறுக்கே கிடந்தது, குலைகளும் மட்டைகளும் சேர்ந்த கொண்டைப்பகுதி முன்வாசல் பக்கம் அந்தரத்தில் தொங்கியது. கிணற்று ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டுவளைதான் அதன் அச்சு. பக்கத்துத் தெருவில் இதே மாதிரி விழுந்த ஒரு மரத்தை, தரையில் நின்றபடி எளிதாக அறுக்கலாம் என்று வேர்முனையில் முதலில் வெட்டினார்கள். பின்பக்கப் பிடிப்பு விட்டதும் கொண்டையின் பாரம் தண்டை முன்பக்கமாக இழுத்துச் சரித்தது. புயல் உடைத்ததைவிட அந்தச் சரிவு உடைத்த ஓடுகளும், ஓட்டைத் தாங்கும் சாய்வு மரங்களான கைமரங்களும்தான் அதிகம். வாசலில் அப்போது ஆள் நிற்கவில்லை என்பது ஒன்றே ஆறுதல்.

அரிவாளை எடுக்கும் முன் செய்ய வேண்டியவை உண்டு. வீட்டில் இருப்பவர்களை மரம் அழுந்தாத பக்கமாக வெளியேற்றுங்கள். மீட்டர் பெட்டி நனையாமல் பாதுகாப்பாக இருந்தால் மட்டும் மெயின் சுவிட்சை அணையுங்கள். மின்கம்பி மரத்தோடு சேர்ந்து அறுந்து கிடந்தால் அருகில் போகாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். ஊரே இருட்டாகத்தானே இருக்கிறது என்று கம்பியைத் தொட்டுவிடாதீர்கள். எங்கோ ஒரு வீட்டில் ஜெனரேட்டரைத் தவறாக இணைத்திருந்தால், மின்சாரம் இல்லாத கம்பி என்று நாம் நினைப்பதில் மின்சாரம் திரும்பி வரும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கஜாவுக்குப் பிறகு எங்கள் பகுதியில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. வசதி உள்ளவர்கள் எல்லோரும் ஜெனரேட்டரைத்தான் நம்பியிருந்தார்கள்.

அடுத்தது முட்டுக் கொடுப்பது. மேலே ஏறுவதற்கு முன் உள்ளே தாங்கல் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் எங்கள் ஊர்த் தச்சர். மண்தரையில் கம்பு புதையாமல் இருக்க முதலில் பலகை போட்டு, அதன் மேல் சவுக்குக் கம்புகளை நிறுத்தி, மரம் அழுந்திய இடத்துக்கு இரண்டு பக்கமும் ஆப்பு வைத்து, பாரத்தை வாங்கும் அளவுக்கு மட்டும் இறுக்கினார். மோட்டுவளையைப் பழைய நிலைக்குத் தூக்கிவிட வேண்டும் என்று அந்த நேரத்தில் முயலக் கூடாது. தூக்கினால் மேலே கிடக்கும் தண்டு உருளும். சுவரையும் அப்போதே பார்த்தார். மழையில் ஊறிய மண்சுவரில் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடியது. தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தபோது சுவர் வெளியே தள்ளியிருந்தது தெரிந்ததால், அந்தப் பக்கம் யாரும் ஏணி சாத்தவில்லை.

வெளியே, பின்சுவருக்கும் வேருக்கும் நடுவில், தண்டுக்கு அடியில் கத்தரிக்கால், அதாவது இரண்டு கம்புகளைக் குறுக்கே பிணைத்த தாங்கல், கட்டினோம். தண்டை ஒரு வடத்தால் கொல்லைப் பனையோடு பிணைத்தோம். அந்தப் பனை புயலில் அசையவே இல்லை. பிறகு முன்வாசல் பக்கம் தனியாகச் சாரம் கட்டி, அதன் மேல் நின்று முதலில் குலைகள், பிறகு மட்டைகள், பிறகு கொண்டை என்று பாரத்தைக் குறைத்தார்கள். ஓட்டின் மேல் ஒருவரும் கால் வைக்கவில்லை. மிஷின் வாளால் தண்டை நுனியிலிருந்து மோட்டுவளையை நோக்கி மூன்றடித் துண்டுகளாக அறுத்து, ஒவ்வொன்றையும் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். பச்சைத் தென்னையில் மூன்றடித் துண்டே பெரும் பாரம், ஆகவே கையால் பிடித்து இறக்கலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். கூரைக்கு மேல் தண்டே இல்லை என்றான பிறகுதான் வேர்முனைக்குப் போனார்கள். அங்கும் ஓர் ஆபத்து காத்திருக்கிறது: தண்டு அறுந்ததும் பெயர்ந்து நின்ற வேர்க்கட்டி மீண்டும் குழிக்குள் நிமிர்ந்து விழும். பிள்ளைகள் அந்தக் குழியில் இறங்கி விளையாடுவதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களை அப்புறப்படுத்திவிட்டு அறுங்கள்.

அறுப்பதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள். நிவாரணத்துக்காகக் கிராம நிர்வாக அலுவலர் வந்து சேதத்தைப் பார்ப்பதற்குள் மரத்தை அகற்ற வேண்டிய நிலை வரலாம். கஜாவின்போது அரசு ஒரு தென்னைக்கு 600 ரூபாயும் அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. முழுதும் சேதமான குடிசைக்கு 10,000 ரூபாய், பகுதி சேதத்துக்கு 4,100 ரூபாய். தோப்பில் கிடக்கும் மரத்தை அகற்ற அந்த 500 ரூபாய் ஓரளவு உதவியிருக்கலாம். கூரையின் மேல் கிடந்த மரத்துக்கு எங்களுக்குச் சாரம், மிஷின், கூலி எல்லாம் சேர்த்து அதைப் போல் பல மடங்கு ஆனது. வீட்டின் மேல் விழுந்த மரத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன்.

அறுத்த துண்டுகளைக் கொல்லையிலேயே மட்க விடாதீர்கள். மட்கும் தென்னந்தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். பிறகு அது தப்பி நிற்கும் மரங்களின் குருத்தைத் துளைக்கும். நாங்கள் அடித்துண்டுகளைப் பலகையாக அறுத்து மாட்டுக்கொட்டகைக்குப் போட்டோம், மற்றதைச் செங்கல் சூளைக்குக் கொடுத்தோம். உடைந்த கைமரங்களுக்குப் பதிலாகப் பனங்கை, அதாவது பனைமரத்தில் அறுத்த கைமரம், வைத்தோம். இதோ, கருத்துத் தெரிகிறதே, அவை நான்கும் அப்போது வைத்தவைதான்.

உங்கள் வீட்டில் மரம் விழுந்திருந்தால், என்னிடம் கேட்கும்போது மூன்று படங்களை அனுப்புங்கள்: வேர்ப்பக்கம் ஒன்று, கூரையில் தண்டு தாங்கி நிற்கும் இடம் ஒன்று, கொண்டை தொங்கும் பக்கம் ஒன்று. தூரத்தில் நின்றே எடுங்கள். சரியான படத்துக்காகக் கூரைக்குக் கீழே போக வேண்டாம்.