வத்தைக்குள்ள மீன் விழுந்துருச்சு மக்களே! | ஏஐ ஏஜென்ட் வச்சு கேம் பிசிக்ஸ்

வணக்கம் மக்களே, ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம் ஊருல இருந்து பேசுறேன், ஃபேன் சத்தம் கேக்குதுன்னு கமென்ட் போடாதீங்க, இந்தப் புழுக்கத்துல அதை அமத்த முடியாது. இன்னைக்கு வேற வீடியோ சொல்லியிருந்தேன், அது கெடக்கட்டும், மொதல்ல ஸ்கிரீனைப் பாருங்க. மீன் மேல இருந்து வருது... தொப்புன்னு வத்தைக்குள்ள, அதான் நம்ம மீன்பிடிப் படகுக்குள்ள, விழுந்துச்சா? வத்தை லேசா அந்தப் பக்கம் சாஞ்சுச்சா? இருங்க, இன்னொருக்கா போடுறேன். இந்தா சாயுது பாருங்க! ராத்திரி இதைப் பாத்து நான் கத்துன கத்துல அம்மா எந்திரிச்சு வந்துட்டாங்க.

நான் பண்ணிக்கிட்டிருக்க நம்ம வடகடல் கேம்தான், பாக் விரிகுடாவத்தான் இங்க வடகடல்னு சொல்லுவோம். போன வீடியோல அலை மட்டும் ஓடுச்சு, வத்தை அது மேல ஸ்டிக்கர் ஒட்டுன மாதிரி நின்னுச்சு. கோடோட் 4ங்கற கேம் செய்யிற சாஃப்ட்வேர்லதான் பண்றேன்னு பழைய ஆளுகளுக்குத் தெரியும். அதுல எனக்கு உசுரே சீன் ஃபைல் (கேம்ல எது எங்க இருக்குன்னு சொல்ற ஃபைல்) வெறும் டெக்ஸ்ட்டா இருக்கறதுதான், ஏஜென்ட், அதான் சொன்ன வேலைய தானே செய்யிற ஏஐ, நேரா ஃபைலைத் திறந்து பொருளுக்கு நோட் சேக்கும், ஸ்கிரிப்ட் எழுதும், ஓட்டிப் பாத்து எரரைப் படிச்சு அதுவே திருத்தும்.

ஆனா "எல்லாத்துக்கும் பிசிக்ஸ் போடு"ன்னு ஒத்த வரியில சொன்னா என்ன செய்யும்னு உங்களுக்குக் காட்டவே ரெக்கார்ட் பண்ணேன். பாருங்க, பூராத்தையும் ரிஜிட்பாடி, அதாவது தானா விழுந்து உருள்ற பொருளா, ஆக்கிருச்சு. ப்ளே அமுக்குன உடனே பாம்பன் பாலம் மொத்தமா கடலுக்குள்ள போகுது! எனக்கு அதைப் பாக்கவே புடிக்கல மக்களே, 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலம், தூக்குற பகுதி மட்டும் 72.5 மீட்டர், 17 மீட்டர் உசரம் ஏறும், அதே அளவுக்கு உக்காந்து மாடல் பண்ணியிருக்கேன். தூணெல்லாம் அசையாத ஸ்டேட்டிக்பாடி, ஏறி எறங்குற பகுதி நம்ம நகத்துனா மட்டும் நகர்ற அனிமேட்டபிள்பாடி, இப்படிப் பொருள் பொருளா பிரிச்சுச் சொன்னாத்தான் ஒழுங்கா செய்யுது. எடையும் அப்படித்தான், சொல்லலைன்னா டீஃபால்ட் 1 கிலோ. வத்தையும் 1 கிலோ, ஐஸ் பெட்டியும் 1 கிலோ, நங்கூரமும் 1 கிலோ! எங்க மாமாட்ட கேட்டு வத்தைக்கு 600 கிலோ வச்சேன்.

இப்ப மீனுக்கு வர்றேன். ஏஜென்ட் "முடிஞ்சது, எல்லாம் சரியா வேலை செய்யுது"ன்னு பச்சை டிக்கெல்லாம் போட்டுருச்சு, இந்தப் பேச்சு எனக்கு ஆகவே ஆகாது. ஓட்டிப் பாத்தா மீன் வத்தைக்கு மேல அந்தரத்துல படுத்துக் கெடக்கு. ஏன்னா வத்தையோட கொலிஷன் ஷேப், அதாவது எங்க முட்டும்னு முடிவு பண்ற கண்ணுக்குத் தெரியாத வடிவம், ஒரே ஒரு கான்வெக்ஸ். கான்வெக்ஸ்னா உள்குழிவே இருக்காது, வத்தையோட வாய மூடி போட்டு அடைச்சுரும். திரும்பச் சொன்னதுக்கு மெஷ்ஷ, அதான் கண்ணுக்குத் தெரியிற 3டி மாடல, அப்படியே உள்குழிவு உள்ள கான்கேவ் ஷேப்பா போட்டுச்சு, அது அசையாத பொருளுக்குத்தான் சரிப்படும், மிதக்குற படகுக்கு ஆகாது. அப்புறம் நானே சொன்னேன், அடிப்பலகை ஒரு பெட்டி, ரெண்டு பக்கமும் சரிஞ்ச பலகை, முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு, எல்லாம் ஒரே ரிஜிட்பாடிக்குள்ளன்னு. அஞ்சு ஷேப். மீன் உள்ள விழுந்துருச்சு!

இதை விடப் பெரிய கூத்து ஒண்ணு. மிதக்கறதுக்குப் படகோட நாலு மூலையிலயும் எவ்வளவு ஆழம் முங்கியிருக்குன்னு பாத்து, அதுக்குத் தக்கன மேல தள்ளணும், கடல் தண்ணி ஒரு கன மீட்டர் சுமார் 1025 கிலோ, அதை வச்சுத்தான் கணக்கு. கரைகிட்ட அழகா மிதக்குது. பாலத்துப் பக்கம் போகப் போக ஆடுது, இன்னும் தள்ளிப் போனா தலைகீழா குட்டிக்கரணம் போடுது. ஏஜென்ட் என்னடான்னா எடையக் கூட்டுது, ஆட்டத்தை அடக்குற டேம்பிங்கக் கூட்டுது, அலையக் கொறைக்குது, ஏஜென்ட்ட இவ்வளவுதான் வேலை வாங்கலாம்ங்கற டோக்கன் லிமிட்டும் தீந்துபோச்சு, மாசாமாசம் காசு கட்டிட்டு அஞ்சு மணி நேரம் காத்திருக்கணுமாம், வயிறு எரியுது! அந்த நேரத்துல நானே டாக்குமென்ட்டப் படிச்சேன். பொருளைத் தள்ளுறதுக்கு apply_force-ன்னு எழுதுறோம்ல, அந்த அப்ளை ஃபோர்ஸுக்குக் குடுக்குற பொசிஷன் பாடியோட ஒரிஜின்ல, அதாவது அதோட சொந்த மையப் புள்ளியில இருந்து எவ்வளவு தள்ளின்னு இருக்கணும். ஏஜென்ட் மூலையோட குளோபல் பொசிஷன, அதாவது கேம் உலகத்தோட சைபர் புள்ளியில இருந்து அளக்குற இடத்தை, அப்படியே குடுத்துருச்சு. கரை அந்த சைபர் புள்ளிகிட்ட இருக்கதால அங்க தெரியல, தள்ளிப் போகப் போக நெம்புகோல் நீண்டுக்கிட்டே போகுது, தூக்கி அடிக்குது. அதுல இருந்து வத்தையோட குளோபல் பொசிஷன ஒரு தடவை கழிச்சேன், அவ்வளவுதான், ஒரே ஒரு கழித்தல்! பாம்பன் வரைக்கும் ஓட்டிட்டுப் போயிட்டு வந்தேன், அசையல.

அய்யோ, ஒண்ணு விட்டுட்டேன், அலை. ஷேடர்ல, அதான் படம் வரையிற குட்டி புரோகிராம்ல, ஓடுற அலை ஜிபியுல, அதாவது கிராஃபிக்ஸ் சிப்புல இருக்கு, ஸ்கிரிப்ட்டுக்கு அது தெரியாது. அதே சூத்திரத்தை அதே டைமோட ஸ்கிரிப்ட்லயும் எழுதுனாத்தான் வத்தை கண்ணுக்குத் தெரியிற அலை மேல ஏறும். இதை ஏஜென்ட் கேக்காமலே செஞ்சுச்சு, அந்த வேலை சுத்தமா இருந்துச்சு, அதையும் சொல்லணும்ல. தண்ணி இழுவையும் வச்சிருக்கேன், இல்லைன்னா ஒரு மீன் விழுந்ததுக்கு வத்தை ஆடிக்கிட்டே கெடக்கும்.

ஸ்கிரிப்ட் டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு, எடுத்துக்கங்க. அடுத்த வீடியோல பாலத்துக்கு அடியில புகுந்து தென்கடலுக்கு, அதான் மன்னார் வளைகுடாவுக்குப் போறோம். அந்த எடத்து நீரோட்டத்த ஏஜென்ட்ட விடப் போறதில்ல, மாமாவப் பக்கத்துல உக்கார வச்சு நானே எழுதப் போறேன்.