உடைந்த ஜாடி முன்னால் மாமா நின்ற நேரம்

(காட்சி: கண்ணாடிப் பெட்டிக்குள் செம்மண் நிற ஓடுகள். கேமரா மெதுவாக நெருங்குகிறது.)

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து வந்திருந்த மாமாவை, புதுச்சேரியில் பாரதி பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் மியூசியத்துக்குக் கூட்டிப் போனேன். சின்ன வயதிலிருந்து கடலுக்குப் போகிறவர். சோழர் காலத்து வெண்கலச் சிலைகளைக் கையெடுத்துக் கும்பிட்டார், பல்லக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஆனால் பக்கத்தில் அரிக்கமேடு என்கிற பழைய துறைமுகத்தில் கிடைத்த பானை ஓடுகள் வந்ததும் "உடைஞ்ச பானைப்பா" என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தார்.

மாமா மட்டும் இல்லை, எல்லோருமே அப்படித்தான். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் பேர்போன ஓவியங்கள் முன்னால் மக்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று கணக்கெடுத்து 2001-ல் வெளியிட்டார்கள். சராசரி 27 விநாடி. பாதிப் பேர் 17 விநாடிகூட நிற்கவில்லை, அதிலும் லேபிளைப் படிக்கிற நேரம் வேறு போய்விடுகிறது.

(காட்சி: கண்ணின் படம். பார்வையின் நடுவில் ஒரு சின்ன வட்டம்.)

கையை நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். கண் ஒரு நேரத்தில் துல்லியமாகப் பார்க்கிற இடம், ஏறக்குறைய அந்த நகத்தின் அகலம்தான். மற்றதெல்லாம் மங்கல். அதனால் கண் விநாடிக்கு மூன்று நான்கு முறை தாவிக்கொண்டே இருக்கிறது, அடுத்து எங்கே தாவ வேண்டும் என்று முடிவு செய்வது மூளை. எதைத் தேடுவது என்று மூளைக்குத் தெரியாவிட்டால் அது கூட்டத்தையும் வெளிச்சத்தையும் வெளியே போகும் வழியையும் பார்த்துக்கொண்டிருக்கும், ஓடு கண்ணில் பட்டாலும் மனசில் படாது.

இதையே பிடித்துக்கொண்டு வேலை செய்த இடம் அமெரிக்காவில் சேலம் என்கிற ஊரில் இருக்கும் பீபாடி எசெக்ஸ் மியூசியம். (நம்ம சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம்.) 2017-ல் டெடி ஆஷர் என்கிற நரம்பியல் ஆய்வாளரை வேலைக்கே எடுத்தார்கள். பார்வை எங்கே போகிறது என்று பதிவு செய்யும் கண்ணாடியைப் பார்வையாளர்களுக்கு மாட்டிவிட்டார்கள், விரலில் சென்சார் வைத்துத் தோலின் மின்கடத்தலையும் அளந்தார்கள். உணர்ச்சி கிளம்பினால் உள்ளங்கையில் கொஞ்சம் வியர்க்கும், வியர்த்தால் மின்சாரம் எளிதாகக் கடக்கும், அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: உணர்ச்சி எவ்வளவு பலமாகக் கிளம்பியது என்று மட்டும்தான் அந்தச் சென்சார் சொல்லும், அது பயமா பரவசமா என்று அதற்குத் தெரியாது. அதை அந்த மனிதரிடம்தான் கேட்க வேண்டும். கருவி வாங்கி வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறு செய்கிறார்கள்.

சரி, மூளைக்கு எதைத் தேடுவது என்று எப்படிச் சொல்லிக்கொடுப்பது? எனக்கு ரொம்பப் பிடித்த பதில் 2014-ல் கலிபோர்னியாவில் மத்தியாஸ் குரூபர், சரண் ரங்கநாத் முதலானோர் செய்த ஆய்வில் இருக்கிறது. ஆட்களிடம் பல கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொரு தடவையும் பதிலை உடனே சொல்லாமல் சில விநாடி காக்க வைத்தார்கள். அந்த இடைவெளியில் சம்பந்தமே இல்லாத ஒரு முகத்தைக் காட்டினார்கள். எந்தக் கேள்வியின் பதிலுக்காக அதிகம் தவித்தார்களோ அந்தப் பதில் நன்றாக நினைவிருந்தது, அதோடு நடுவில் வந்த அந்த முகமும் கூடுதலாக நினைவில் நின்றது! ஆவல் கிளம்பும்போது, டோபமைன் என்கிற வேதிப்பொருளால் ஆசையைத் தூண்டும் மூளைப் பகுதிகளும், நினைவைப் பதிக்கிற ஹிப்போகேம்பஸ் பகுதியும் கைகோக்கின்றன, அந்த நேரத்தில் பக்கத்தில் வருவதும் சேர்ந்து பதிகிறது. நம் லேபிள்களோ பெரும்பாலும் கேள்வியே இல்லாமல் பதிலைக் கையில் கொடுத்துவிடுகின்றன: சுடுமண் ஓடு, கி.பி. முதல் நூற்றாண்டு, முடிந்தது.

(காட்சி: அரிக்கமேடு இருக்கும் அரியாங்குப்பம் ஆற்றங்கரை, தென்னந்தோப்பு.)

மாமாவைத் திரும்பக் கூப்பிட்டேன். "மாமா, ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி ரோமாபுரி கப்பல்காரங்க இந்த மாதிரி ஜாடில என்ன அடைச்சு நம்ம கரைக்கு அனுப்பியிருப்பாங்க?" என்று கேட்டேன். "எண்ணெயா?" என்றார். எண்ணெயும் வந்தது, திராட்சை மதுவும் வந்தது. "இன்னொண்ணு இருக்கு, அது உங்க தொழிலு" என்றதும் நின்றுவிட்டார்.

அது மீன் சாறு. ரோமானியர் வைத்த பெயர் 'கரும்' (garum). மீனையும் குடலையும் உப்போடு சேர்த்து வெயிலில் வாரக்கணக்கில் ஊறவிட்டு வடித்து எடுப்பார்கள். தொல்லியல் ஆய்வாளர் மார்ட்டிமர் வீலர் 1945-ல் அரிக்கமேட்டைத் தோண்டியபோதே, ஆம்போரா என்கிற இந்த இரட்டைக் கைப்பிடி ஜாடிகளின் ஓடுகள் நிறையக் கிடைத்தன. அங்கே கிடைத்தவற்றில் சில, இந்த மீன் சாறு வந்த ஜாடிகள் என்று பின்னால் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள்.

மாமா குனிந்து கண்ணாடியில் மூக்கு இடிக்கிற மாதிரி பார்த்தார். 2012-ல் எட்வர்ட் வெசல் என்கிற ஆய்வாளரின் குழு வெளியிட்ட மூளை ஸ்கேன்களில், ஒருவரை மிக ஆழமாகத் தொட்ட ஓவியங்களுக்கு மட்டும், நாம் நம்மைப் பற்றி நினைக்கும்போது வேலை செய்கிற பகுதிகளும் சேர்ந்து விழித்தன. மாமாவின் தலைக்குள் என்ன நடந்தது என்று அளக்க என்னிடம் கருவி இல்லை. ஆனால் அவர் பேசியது ஓட்டைப் பற்றி இல்லை. அவர் அம்மா கருவாடு காயவைத்த மணலைப் பற்றி, மழை வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடியதைப் பற்றி.

வாசனையைச் சேர்த்தால் இது இன்னும் ஆழமாகப் போகும் என்று நினைக்கிறேன். மற்ற புலன்களின் செய்தி மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸ் வழியாகச் சுற்றி வரும், வாசனை மட்டும் நேராக உணர்ச்சியைக் கிளப்பும் அமிக்டலா பக்கம் போகிறது. ஓடு இருக்கிற பெட்டிக்குப் பக்கத்தில் மூடி போட்ட ஒரு சின்ன ஜாடி, அதற்குள் உப்பில் ஊறிய மீன், மேலே ஒரே ஒரு கேள்வி: "இது என்ன வாசனை?" லேபிள் அதற்கு அப்புறம் வரட்டும். பெரிய செலவு இல்லை.

(காட்சி: மாமாவின் விரல், கண்ணாடியின் மேல்.)

வெளியே வந்து பூங்கா பெஞ்சில் உட்கார்ந்ததும் மாமா கேட்டார்: "அவ்வளவு தூரம் கப்பல்ல வர்றப்ப வாயை எதை வெச்சுப்பா அடைச்சிருப்பான்?"