வெளியில் எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் போட்டால் கார் வாரன்ட்டி போய்விடுமா?

[காட்சி: சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. இரண்டு பக்கமும் கார் ஆக்சஸரீஸ் கடைகள்.]

அண்ணா சாலையிலிருந்து ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குள் திரும்பினால், நம்பர் பிளேட்டில் வைத்த சந்தனம் குங்குமம்கூட இன்னும் உதிராத புது வண்டிகள் வரிசையாக நிற்கும். ஸ்டீரியோ, ஃபாக் லேம்ப், சீட் கவர், அலாய் வீல். பேஸ் மாடலை வாங்கி, டாப் மாடலில் இருப்பதையெல்லாம் பாதி விலைக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்ற கணக்கு. தப்பான கணக்கும் இல்லை.

கடையில் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "அண்ணே, வாரன்ட்டி போயிடாதே?" பதிலும் ஒன்றுதான். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், எல்லாம் கப்ளர் டு கப்ளர்." ஒயரை வெட்டாமல், பிளக்கோடு பிளக்கை அப்படியே மாட்டுவது என்று அர்த்தம்.

இதே கேள்வியை ஷோரூமில் கேட்டுப் பாருங்கள். "வெளியில ஒரு ஸ்க்ரூ திருகினாலும் வாரன்ட்டி கேன்சல் சார். இங்கேயே போட்டுக்கோங்க."

இரண்டு பேரும் அவரவர் வியாபாரத்துக்கு ஏற்றபடி பேசுகிறார்கள். நாம் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம்.

[காட்சி: டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் உறை பிரிக்காத வாரன்ட்டி புத்தகத்தை எடுப்பது.]

கம்பெனி வாரன்ட்டி என்பது உற்பத்திக் குறைபாட்டுக்கான உத்தரவாதம் மட்டுமே. பொருளிலோ, அதைப் பொருத்திய விதத்திலோ குறை இருந்தால் சரிசெய்து தருவோம் என்கிறார்கள். மாருதி 2024 ஜூலையில் இதை 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் என்று உயர்த்தியது. ஹூண்டாயில் 3 வருடம், கிலோமீட்டர் கணக்கு கிடையாது. டயருக்கும் பேட்டரிக்கும் பொதுவாக அவற்றைத் தயாரித்த கம்பெனிதான் பொறுப்பு. கார் கம்பெனி இதில் தலையிடாது.

விதிவிலக்குகள் என்று ஒரு பக்கம் இருக்கும். பெரும்பாலோர் புரட்டாத பக்கம். அதில் வருகிற வாசகங்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, நீங்கள் செய்த மாற்றத்தால் வந்த பழுதுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்பது. இது நியாயம். இன்னொன்று, மாற்றம் செய்யப்பட்ட வண்டிக்கே வாரன்ட்டி பொருந்தாது என்பது. சண்டை எல்லாம் இந்த இரண்டாவதில்தான்.

இதையொட்டி இந்தியாவில் ஒரு முக்கியமான உத்தரவு உண்டு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பதுதான் முக்கியக் குற்றச்சாட்டு. அபராதத் தொகை பிறகு மேல்முறையீடுகளில் மாட்டிக்கொண்டது, அது தனிக் கதை. நமக்கு வேண்டியது அந்த உத்தரவில் வாரன்ட்டி பற்றிச் சொன்ன இடம். வெளி மெக்கானிக்கிடம் போனார் என்ற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்தமாக வாரன்ட்டியை ரத்து செய்யக் கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் எந்த அளவுக்குச் சேதமோ அந்த அளவுக்குத்தான் மறுக்கலாம் என்றது ஆணையம்.

கவனியுங்கள், அது வெளியில் ரிப்பேர் செய்வதைப் பற்றியது. எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் பற்றி நேரடியாகப் பேசவில்லை. ஆனால் "எதனால் பழுது வந்தது?" என்று கேட்கும் அடிப்படை இரண்டுக்கும் ஒன்றே.

இன்னொரு எச்சரிக்கை. அமெரிக்க வீடியோக்களில் "மேக்னுசன் மாஸ் சட்டம் இருக்கிறது, கம்பெனி ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்வார்கள். அது வாரன்ட்டி பற்றி 1975-ல் வந்த அமெரிக்கச் சட்டம். நம்ம ஊர் சர்வீஸ் சென்டரில் போய் அதைச் சொன்னால் அட்வைசர் சிரிப்பார்.

சரி, நடைமுறையில் எது எப்படி மாட்டும்? சின்ன வேலையா பெரிய வேலையா என்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. என் கருத்தில், முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஒயரை வெட்டினார்களா?

[காட்சி: ஹெட்லைட்டின் பின்பக்கம், மிக அருகில். மூன்று பின் உள்ள ஹோல்டர், அதற்குள் போகும் ஒயர்கள்.]

ஹெட்லைட்டையே எடுத்துக்கொள்வோம். ஹாலோஜன் விளக்குள்ள நிறைய கார்களில் கம்பெனி போட்டுத் தருவது எச்4 பல்பு, 60/55 வாட். "நைட்ல ரோடே தெரியல" என்று போய் நின்றால், கடையில் 100/90 வாட் பல்பை மாட்டிவிடுவார்கள். 12 வோல்ட்டில் 60 வாட் பல்பு 5 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் என்றால் 8 ஆம்பியருக்கு மேல். ஒயர் அதே ஒயர், ஹோல்டர் அதே ஹோல்டர். சில மாதங்களில் அந்த ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளை பிளாஸ்டிக் ஓரத்தில் பழுப்பேறி, பின்னைச் சுற்றி லேசாக உருகியிருக்கும். மூக்கை அருகில் கொண்டுபோனால் கருகல் வாசனை.

இதைத் தவிர்க்கத்தான் ரிலே (சிறு கரன்ட்டில் இயங்கும் சுவிட்ச்) கிட் போடுகிறார்கள். பேட்டரியிலிருந்து நேராகத் தடிமனான ஒயர் வரும். பழைய ஒயர் ரிலேயை இயக்குகிற வேலையை மட்டும் பார்க்கும். இதைக் கப்ளரோடு ஒழுங்காகச் செய்தால் பிரச்சினை குறைவு. ஆனால் கப்ளர் பொருந்தவில்லை என்றால் அந்தப் பையன் என்ன செய்வான்? கட்டிங் பிளேயரால் ஒயரை வெட்டி, பல்லால் தோலை உரித்து, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிவிடுவான். ஐந்து நிமிட வேலை.

ஐப்பசி மழையில் அந்த டேப்புக்குள் ஈரம் இறங்கும். செம்பில் பச்சை பூக்கும். இப்போதைய கார்களில் விளக்கு, வைப்பர், டோர் லாக் எல்லாமே பெரும்பாலும் ஒரே கட்டுப்பாட்டுப் பெட்டி வழியாகப் போகின்றன. எங்கோ ஒரு இடத்தில் கரன்ட் கசிந்தால் சம்பந்தமே இல்லாத இடத்தில் வார்னிங் லைட் எரியலாம்.

ஒரு நாள் சென்ட்ரல் லாக் வேலை செய்யவில்லை என்று சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப்போகிறீர்கள். அது நிஜமாகவே கம்பெனிக் குறைபாடாக இருக்கலாம். ஆனால் டெக்னீஷியன் பானட்டைத் திறந்ததும் கண்ணில் படுவது அந்தக் கறுப்பு டேப். போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்புவார். பதில் வரும்: ஒயரிங்கில் வெளி வேலை நடந்திருக்கிறது, கிளெய்ம் இல்லை. இனி லாக்குக்கும் லைட்டுக்கும் சம்பந்தமில்லை என்று நிரூபிக்கும் சுமை, தாளில் யார் பெயரில் இருந்தாலும், உங்கள் தலையில்தான் வந்து விழும். சட்டம் என்ன சொல்கிறது என்பதைவிட இந்த இடத்தில்தான் நிறைய பேர் தோற்கிறார்கள்.

அதனால் "கப்ளர் டு கப்ளர்" என்று சொன்னால், வேலை தொடங்கும் முன்பே கப்ளரைக் கையில் வாங்கிப் பாருங்கள். உங்கள் காரின் ஒரிஜினல் சாக்கெட்டில் அப்படியே போய் உட்கார வேண்டும். கழற்றினால் சுவடே இருக்கக் கூடாது. அப்படி மாட்டிய ஆண்ட்ராய்டு ஸ்டீரியோகூட, சாவியை எடுத்த பிறகு உறங்காமல் ராத்திரி முழுக்கக் கரன்ட் உறிஞ்சுவது உண்டு. காலையில் பேட்டரி இறங்கிக் கிடந்தால் அந்தப் பேட்டரிக்கு யாரும் வாரன்ட்டி தர மாட்டார்கள். ஜிபிஎஸ் டிராக்கருக்கும் இதே கதைதான்.

[காட்சி: லேப்டாப், டேஷ்போர்டின் அடியில் உள்ள டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் கேபிள்.]

அடுத்தது ரீமேப். டர்போ பெட்ரோல் கார்கள் பெருகியதிலிருந்து இது ஒரு மோகம். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவில் மென்பொருளை மாற்றி எழுதி, கூடுதல் குதிரைத்திறன் வாங்குவது. இதில் நான் யாருக்கும் ஆறுதல் சொல்லப்போவதில்லை. இன்ஜின், டர்போ, கிளட்ச், கியர்பாக்ஸ் எதில் பழுது வந்தாலும் "கூடுதல் டார்க் (சுழற்று விசை) தாங்கவில்லை" என்று சொல்ல கம்பெனிக்கு முழு உரிமை இருக்கிறது. சொல்வதும் பெரும்பாலும் உண்மை.

"சர்வீஸுக்கு விடும் முன்பு ஸ்டாக் மேப்புக்கு, அதாவது கம்பெனி தந்த மென்பொருளுக்கு, மாற்றிவிடலாம்" என்பார்கள். நிறைய இசியுக்கள் தங்களை எத்தனை முறை எழுதினார்கள் என்று எண்ணி வைத்துக்கொள்கின்றன. ஃபோக்ஸ்வாகன் குழும கார்களில் மென்பொருள் மாற்றம் தெரிந்தால் கம்பெனி கணினியில் அந்த வண்டியின் பெயருக்கு நேரே டிடி1 என்று ஒரு குறி விழும். உலகெங்கும் கார் பைத்தியங்கள் பயப்படுகிற குறி அது.

அலாய் வீலில் பயப்பட அவ்வளவு இல்லை. மொத்த விட்டம் மாறக் கூடாது, அவ்வளவுதான். 165/80 ஆர்14 டயரின் விட்டம் சுமார் 620 மில்லிமீட்டர். 185/65 ஆர்15-க்கு சுமார் 621. அதனால்தான் ஒரே காரின் கீழ் வேரியன்ட்டில் முதல் அளவும் மேல் வேரியன்ட்டில் இரண்டாவதும் வந்தது. உங்கள் காரின் டாப் மாடலுக்குக் கம்பெனி என்ன அளவு கொடுக்கிறதோ அதோடு நிறுத்திக்கொண்டால் வாதாட இடம் இருக்கும். வெளியே துருத்தி நிற்கும் அகல வீலும், வீலை வெளியே தள்ளும் ஸ்பேஸரும் போட்டுவிட்டு, வீல் பேரிங் சத்தம் போடுகிறது என்று போனால் இருக்காது.

சீட் கவரையும் முன்பக்க கம்பி கார்டையும் வாரன்ட்டிக் கணக்கில் வைப்பதே தப்பு, அது உயிர்க் கணக்கு. சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று சின்னத் துணி லேபிள் இருந்தால், அந்த இடத்தில் தையல் பிரியாத கவர் ஏர்பேக்கை மறித்துவிடும். கம்பி கார்டு மோதலின் விசையைத் திசைமாற்றுவதால் ஏர்பேக் சென்சாருக்குத் தகவல் சரியாகப் போகாமல் இருக்கலாம். 2017 டிசம்பரில் மத்திய அரசு இதைச் சட்டவிரோதம் என்று மாநிலங்களுக்கு எழுதியது. இன்னும் விற்கிறார்கள்.

[காட்சி: ஆர்சி புத்தகம், இன்சூரன்ஸ் பாலிசி.]

வாரன்ட்டியை மட்டும் பார்த்துவிட்டு இந்த இரண்டு காகிதத்தையும் மறந்துவிடுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளர் தந்த வடிவத்துக்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதையே உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் 182ஏ பிரிவு வந்தது: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இல்லை இரண்டுமே.

சிஎன்ஜி கிட் இதற்கு விதிவிலக்கு. அங்கீகாரம் பெற்ற கிட், ஆர்சியில் பதிவு, இன்சூரன்ஸில் பதிவு, இந்த மூன்றும் இருந்தால் சட்டப்படி சரி. ஆனால் சட்டப்படி சரி என்பதால் வாரன்ட்டி நிற்கும் என்று நினைக்க வேண்டாம். வெளிக் கிட் போட்டால் இன்ஜின் வாரன்ட்டி பொதுவாக நின்றுவிடும். வாரன்ட்டி காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது சிஎன்ஜி வேண்டுமென்றால் கம்பெனி ஃபிட்டிங் வண்டியையே வாங்குவது நல்லது.

ஸ்டீரியோ மாதிரி மின்சார ஃபிட்டிங்குகளைப் பாலிசியில் தனியாகச் சேர்க்கலாம். பொருளின் மதிப்பில் சுமார் 4 சதவீதம் பிரீமியம். சேர்க்காவிட்டால் திருட்டு போனாலும் எரிந்து போனாலும் அந்தப் பொருளுக்குக் காசு வராது.

ஷோரூமிலேயே போட்டால் கவலையில்லை என்கிறார்களே? ஓரளவுக்கு உண்மை. ஆனால் ஷோரூமில் மாட்டுவதெல்லாம் கம்பெனிப் பொருள் இல்லை. பேட்டர்ஸ் ரோடு சரக்கே விலை கூடி அங்கே மாட்டப்படுவதும் உண்டு. பில்லைப் பாருங்கள். கம்பெனியின் பார்ட் நம்பரோடு வரிவாரியாக இருந்தால் அது கம்பெனி ஆக்சஸரி. "ஆக்சஸரீஸ் கிட், 25,000" என்று ஒரே வரி இருந்தால், பிரித்து எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அந்தப் பொருளுக்கான வாரன்ட்டி காரின் வாரன்ட்டியைவிடக் குறைவாக இருக்கலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

[காட்சி: சர்வீஸ் சென்டர் கவுன்டர், ஜாப் கார்டு.]

சரி, கிளெய்மை மறுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். கவுன்டரில் கத்தாதீர்கள். ஜாப் கார்டிலோ மெயிலிலோ மறுப்பை எழுத்தில் கேளுங்கள். "எந்தப் பாகம் பழுது, எந்த மாற்றத்தால், எப்படி?" என்று மூன்றும் அதில் இருக்க வேண்டும். "வெளி வேலை நடந்திருக்கிறது" என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். பிறகு கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கேயும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருள் என்றால் அங்கேயே போடலாம். பிரச்சினை தொடங்கியதிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். 20 லட்சத்துக்குள் வாங்கிய கார் என்றால் கட்டணம் சில நூறு ரூபாய்தான். பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாத குறைபாடு என்றால் பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதனால் பழுதான பாகத்தை சர்வீஸ் சென்டரில் விட்டுவிட்டு வராதீர்கள், காசு கொடுத்து மாற்றியிருந்தால் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஃபிட்டிங் போட்ட கடையின் ஜிஎஸ்டி பில்லும் வேண்டும். 500 ரூபாய் மிச்சம் என்று பில் இல்லாமல் போட்டிருந்தால், என்ன பொருளை எப்போது மாட்டினீர்கள் என்பதற்கு உங்கள் வாய்ச்சொல் மட்டும்தான் மிஞ்சும்.