மழையில ஒரு கரண்ட் கிட்டார்

எல்லாருக்கும் வணக்கம். ராக் மியூசிக்கும் ஜெபமும் ஒரே வீட்டுல குடியிருக்க முடியுமான்னு பேசச் சொல்லி வானொலியில கூப்பிட்டிருக்காங்க. ஏழு நிமிஷம் டைம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு தம்பி வாட்ச்சையே பாத்துட்டு உக்காந்திருக்கார். நான் பாளையங்கோட்டைப் பக்கம், முப்பது வருஷமா சர்ச் கொயர்ல கிட்டார் வாசிக்கிறவன், அதுக்கு மேல பெரிய தகுதி எதுவும் கிடையாது.

பதினாறு வயசுல எனக்கு ஒரு செகண்ட் ஹாண்ட் கிட்டார் கெடச்சுது, தலையில கிவ்சன்னு போட்டிருக்கும். பேர்போன அமெரிக்கக் கிட்டார் கிப்சன் இல்ல, கிவ்சன், நம்ம கல்கத்தா கிட்டார். எழுத்துல ஒண்ணுதான் வித்தியாசம், விலையில ரெண்டு சைபர் வித்தியாசம். கிட்டார் வந்துருச்சு, சத்தத்தைப் பெருசாக்குற ஆம்ப் வாங்கக் காசு இல்ல, அதனால அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, கட்டின மைக் செட்டுல சொருகிட்டேன். கூம்பு ஸ்பீக்கர் வழியா வந்துச்சு பாருங்க ஒரு சத்தம்! கல்யாண வீட்டுல வால்யூமை முழுசாத் திருகிட்டா பாட்டு கரகரன்னு கிழியும்ல, அதேதான். பெட்டி தாங்குறதுக்கு மேல சத்தத்தை உள்ள தள்ளினா உச்சியெல்லாம் வெட்டுப்பட்டு அப்படித்தான் வெளிய வரும், ராக் கிட்டாரோட உசுரே அந்தக் கரகரப்புலதான் இருக்கு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. சபைப் பெரியவர் ஒருத்தர் வேகமா வந்தார், வயரைப் பிடுங்கினார். "ஏல, ஆர்மோனியம் கெடக்கும்போது இந்தப் பிசாசு சத்தம் எதுக்குல?"

அன்னைக்குப் பதில் தெரியல. இன்னைக்கு அவர் உயிரோட இல்ல, பதில் மட்டும் இருக்கு. ஆர்மோனியமும் ஐரோப்பாவுல இருந்து கப்பல் ஏறி வந்ததுதானே ஐயா. அகில இந்திய வானொலியே அதை 1940-ல நம்ம சங்கீதத்துக்கு ஒத்து வராதுன்னு வெளிய நிறுத்தி, 1971-லதான் கதவைத் திறந்துச்சு. வானொலியில உக்காந்துட்டே இதைச் சொல்றேன், கோச்சுக்காதீங்க. அதுக்கும் ரொம்ப முன்னாடி, 1774-ல எங்க சீமையில பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார், கோயில்ல ஆடிட்டிருந்த குறவஞ்சியைக் கையப் பிடிச்சு, 'பெத்லகேம் குறவஞ்சி'ன்னு எழுதி, பெத்லகேமுக்கே கூட்டிட்டுப் போயிட்டார். இன்னைக்கு அவர் கீர்த்தனையை யாரும் சந்தேகமாப் பாக்குறதில்ல, பழகிட்டோம்.

சரி, நான் இன்னைக்குச் சொல்ல வந்தது சிஸ்டர் ரொசெட்டா தார்ப் கதை. சிஸ்டர்னதும் மடத்துச் சிஸ்டர்னு நினைச்சுராதீங்க, ஆஸ்பத்திரி சிஸ்டரும் இல்ல. சபையில சகோதரின்னு சொல்வோம்ல, அந்தச் சிஸ்டர். அமெரிக்காவுல அர்க்கன்சாஸ்ல காட்டன் பிளான்ட்னு ஒரு சின்ன ஊர், 1915-ல பிறந்த கறுப்பினப் பொண்ணு, அம்மா ஊர் ஊராப் போய் பிரசங்கம் பண்றவங்க, அவங்க கூடவே சின்னப் பிள்ளையில இருந்து கிட்டார். 1938-ல அந்தம்மா நியூயார்க் போய் காட்டன் கிளப்ல, அதாவது சாராயமும் டான்ஸுமா இருக்கிற எடத்துல, அதே சர்ச் பாட்டைப் பாடினாங்க. சபையில பல பேருக்கு ஆத்திரம். ஆனா கவனிங்க, கை மாறல, கிட்டாரும் மாறல. 1944-ல பதிவு பண்ணின 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹாப்பனிங் எவ்ரி டே' பாட்டைத்தான் முதல் ராக் அண்ட் ரோல் ரெக்கார்டுன்னு சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க. அது சபைப் பாட்டுங்க! பிசாசு சத்தம்னு பிடுங்கினாங்களே, அது பொறந்ததே சர்ச் பெஞ்சுலதான்.

நான் திரும்பத் திரும்பப் பாக்குறது 1964 மே மாசம் இங்கிலாந்துல, மான்செஸ்டர்ல அந்தம்மாவை எடுத்த படம். பயணிகளுக்கு மூடிப்போன ஒரு ரயில்வே ஸ்டேஷன், வில்பிரஹாம் ரோடு. டிவிக்காரங்க அதை அமெரிக்கத் தெற்கு ஸ்டேஷன் மாதிரி ஜோடிச்சு, ஆடு கோழியெல்லாம் கொண்டாந்து விட்டு, ஜனத்தை ஒரு பிளாட்பாரத்துல உக்கார வச்சு, பாடுறவங்களை எதிர் பிளாட்பாரத்துல நிறுத்தினாங்க, நடுவுல தண்டவாளம். மழை கொட்டுது. அந்தம்மா குதிரை வண்டியில வந்து இறங்குறாங்க, நீளக் கோட்டு, நாப்பத்தொம்பது வயசு. வெள்ளைக் கலர் கிப்சன் கிட்டாரைத் தோள்ல மாட்டினாங்க (பாத்தீங்களா, கிப்சன்!), பாட இருந்த பாட்டை மாத்தி, நோவா காலத்து மழையைப் பத்தின பாட்டை எடுத்தாங்க. ஈரத் தரை, கரண்ட் கிட்டார், எங்க அம்மா பாத்திருந்தா ஓடிப்போய் மெயினை ஆஃப் பண்ணிருப்பாங்க. நடுவுல கிட்டார் தனியா வரும், கிட்டார் கழுத்துல மேல மேல விரல் ஏறும், ஒரு கம்பியை வளைச்சு அப்படியே அழ வைப்பாங்க, முகத்துல மட்டும் சிரிப்பு. மழை வந்துருச்சு, ப்ரோக்ராம் கெட்டுப் போச்சுன்னு நாமளா இருந்தா புலம்புவோம், அந்தம்மா அந்த மழையையே பாட்டா ஆக்கிட்டாங்க. படைக்கிறதுன்னா எனக்கு இதுதான் ஞாபகம் வருது. ஜெபமும் கிட்டத்தட்ட இப்படித்தான்னு எங்க சபைப் போதகர் ஐயர்கிட்ட ஒரு தடவ சொன்னேன், அவர் சிரிச்சுட்டு பதில் சொல்லாம டீயைக் குடிச்சார்.

லிட்டில் ரிச்சர்டுன்னு ஒரு பெரிய ராக் பாடகர் இருந்தாரே, அவரை 1947-ல பதினாலு வயசுப் பையனா மேடையேத்தினதும் இந்தம்மாதான். 1957-ல உச்சத்துல இருக்கும்போது ராக்கை விட்டுட்டு ஊழியத்துக்குப் போனார், அப்புறம் திரும்பி வந்தார், அவர் மனசு ஊஞ்சலாடிட்டே இருந்துச்சு. அது எனக்கும் தெரிஞ்ச ஊஞ்சல்தான். ரொசெட்டா அம்மா 1973-ல காலமானாங்க, ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல பேர் ஏறினது 2018-ல. நாப்பத்தஞ்சு வருஷம்!

தம்பி ரெண்டு விரலைக் காட்டுறார். ஜானி கேஷ், பாப் டிலன்னு குறிச்சு வச்சிருந்தேன், அதெல்லாம் போச்சு. யு-டூங்கிற ராக் பேண்டை மட்டும் சொல்லிடுறேன். அயர்லாந்து டப்ளின் பசங்க நாலு பேர், அதுல மூணு பேர் ஜெபக் குழுவுல இருந்தாங்க, ராக் வேணுமா விசுவாசம் வேணுமான்னு குழம்பி பேண்டையே விடப் பாத்தாங்க. விடல. 1983-ல வெளிவந்த ஆல்பத்தை முடிக்கிற கடைசி மணி நேரத்துல ஒரு பாட்டு குறையுது, பேஸ் வாசிக்கிறவர் வேற கிளம்பிப் போயிட்டார், மிச்சப் பேர் பைபிளைத் திறந்து நாப்பதாம் சங்கீதத்தை எடுத்துப் பாட்டாக்கிட்டாங்க. கச்சேரி முடிவுல அதைப் பாடிட்டே ஒவ்வொருத்தரா மேடையை விட்டு இறங்குவாங்க, டிரம்ஸ்காரர் கடைசியா எந்திரிப்பார், அவரும் போயிடுவார், ஜனம் மட்டும் நிறுத்தாமப் பாடிட்டே... சரி தம்பி, சரி, முடிச்சுட்டேன். வணக்கம்.