வண்டி சோலாரும் குடில் சோலாரும் கைகோத்தாச்சு!

வணக்கம் நண்பர்களே! நேற்று மாலையிலிருந்து எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நம் கேரவன் வண்டியின் சோலார் குடிலின் பேட்டரியை நிரப்ப ஆரம்பித்துவிட்டது. கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன், மீட்டரைப் பாருங்கள். 15 ஆம்பியர், ஆடாமல் அசையாமல் நிற்கிறது.

மத்தியானம் ஆனால் குடில் கூரையில் இருக்கும் சோலார் பேனல் மேல் மர நிழல் விழுந்துவிடும், மரத்தை மட்டும் வெட்டவே மாட்டேன் என்று நான் அடம்பிடிப்பேன். இது உங்களுக்குப் பழைய கதை. வண்டியை வெட்டவெளியில் நிறுத்தலாம். அதன் மேல் 400 வாட் பேனல், உள்ளே 12 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, 200 ஆம்பியர்-மணி. வண்டி சும்மா நிற்கும் நாளில் அது சீக்கிரமே நிரம்பிவிடும். மீதி வெயிலெல்லாம் வீண். அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

குடிலில் இருப்பது 24 வோல்ட் ஈய அமில பேட்டரி. "சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு சேர்த்துவிடுங்கள்" என்று சொல்கிற வீடியோக்களைக் கண்டாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. 12ஐயும் 24ஐயும் நேராகச் சேர்த்தால் கரன்ட் கட்டுமீறிப் பாயும், தீப்பிடிக்கும். சரி, இரண்டும் 12 வோல்ட்டாகவே இருந்தால்? அப்போதும் வேண்டாம். நிரம்பிய லித்தியம் ஓய்வில் சுமார் 13.3 வோல்ட்டில் இருக்கும். ஈய அமிலம் நிரம்பினாலும் 12.7தான். ராத்திரி முழுக்க ஒன்று மற்றொன்றுக்கு ஊட்டிக்கொண்டே கிடக்கும். பேட்டரி கரன்ட்டை வீட்டுக் கரன்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டர்கள் இரண்டின் வெளியீட்டை ஒரே ஒயரில் சேர்ப்பது அதைவிட மோசம். ஒன்றோடொன்று பேசி ஒரே அலையில் ஓடும்படி செய்யப்பட்ட இன்வெர்ட்டர்களுக்கு மட்டும்தான் அது சரிவரும்.

அதனால் நான் போட்டிருப்பது 12இலிருந்து 24க்கு ஏற்றித் தரும் டிசி-டிசி சார்ஜர். குடில் பேட்டரிக்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் கொடுக்கும், ஈய அமிலத்துக்கு உரிய அளவில்.

இனிதான் விஷயமே. கையேட்டில் ஒரு படம் இருக்கிறது: சார்ஜரை, சார்ஜ் ஆகப்போகும் பேட்டரிக்குப் பக்கத்தில் வை என்று. அதன்படி குடிலுக்குள்தான் மாட்டியிருந்தது. வண்டிக்கும் குடிலுக்கும் நடுவே 20 மீட்டர் கேபிள், 6 சதுர மில்லிமீட்டர் செம்பு. ஸ்விட்சைப் போட்டதும் விளக்கு எரிந்தது, அணைந்தது. மறுபடி எரிந்தது, அணைந்தது. மல்டிமீட்டரை வைத்தேன். வண்டிப் பக்கம் 13.1. குடில் பக்கம் கரன்ட் ஏற ஏற 12, 11, 10... டக்கென்று சார்ஜர் தன்னை நிறுத்திக்கொள்ளும். நின்றவுடன் வோல்டேஜ் பழையபடி 13.1. உடனே மறுபடி ஆரம்பிக்கும். இதே கூத்துதான் சாயங்காலம் வரை.

கணக்குப் போட்டால் விளங்கிவிடும். போக 20, வர 20, ஆக 40 மீட்டர் செம்பு. அதன் தடை ஓர் ஓமில் சுமார் எட்டில் ஒரு பங்கு. சார்ஜர் முழு வேகத்தில் 12 வோல்ட் பக்கம் 35 ஆம்பியர் கேட்கும். அத்தனையும் அந்தக் கேபிளில் ஓடினால் நாலு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே காலி! அந்தப் படம் வண்டிக்குள்ளேயே முடிந்துவிடும் குட்டி இணைப்புக்குப் பொருந்தும், இங்கே பொருந்தாது. சார்ஜரைக் கழற்றி வண்டி பேட்டரிக்கு ஒட்டி மாட்டினேன். கேபிளைத் தொடவே இல்லை. இப்போது அதில் ஓடுவது 24 வோல்ட் பக்கத்து 15 ஆம்பியர் மட்டும். இழப்பு இரண்டு வோல்ட்டுக்கும் கீழே. கேபிளைத் தொட்டுப் பார்க்கிறேன், சூடே இல்லை. இதைவிட அழகான திருத்தம் உண்டா, சொல்லுங்கள்! கடைசிக் கட்டத்தில் மட்டும் சார்ஜர் தன் முனையில் தெரியும் வோல்டேஜை நம்பிச் சற்று முன்கூட்டியே வேகத்தைக் குறைக்கிறது. நிரம்பக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான்.

ஆங், ஃபியூஸ்! சொல்லாமல் போயிருப்பேன். இந்தக் கேபிளின் இரண்டு நுனியிலும் பேட்டரி இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் ஃபியூஸ் போட்டால் மறுபக்கத்திலிருந்து வரும் கரன்ட்டை யார் தடுப்பது? ஆகவே இரண்டு நுனியிலும், பேட்டரிக்கு எவ்வளவு ஒட்டி முடியுமோ அவ்வளவு ஒட்டி ஒவ்வொன்று.

அப்புறம் இந்த ஆண்டர்சன் கனெக்டர், கேபிளைச் சொருகவும் கழற்றவும் உதவும் பிளக். இதன் மேல் எனக்குத் தனிப் பிரியம், தெரியுமே. மஞ்சள் 12 வோல்ட்டுக்கு, சிவப்பு 24க்கு. மஞ்சளைச் சிவப்பில் சொருகப் பார்க்கிறேன், பாருங்கள்... நுழையாது. ஒன்றோடொன்று பொருந்தும் உள் அமைப்பே நிறத்துக்கு நிறம் வேறு. இருட்டில் கை தடுமாறினாலும் தப்பாகச் சேராது.

வண்டி பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கினால் சார்ஜரை நிறுத்த ரிலே வைத்திருக்கிறேன். அதை வோல்டேஜைப் பார்த்து வைக்காதீர்கள். லித்தியம் பாஸ்பேட்டின் வோல்டேஜ் நடுவில் ரொம்ப தூரம் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் ஓடும், பாதியா கால்வாசியா என்று பிடிபடாது. போனதையும் வந்ததையும் எண்ணும் ஷண்ட் மானிட்டரோடு இணையுங்கள்.

அடுத்த வீடியோவில் எதிர்த்திசை: மழை நாளில் குடிலிலிருந்து வண்டிக்கு. அதற்கு 24இலிருந்து 12க்கு இறக்கும் இன்னொரு சார்ஜர் வந்திருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் கரன்ட் வட்டமடித்து வெறும் சூடாகப் போகும். அதனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும்படி மாற்று ஸ்விட்ச் வைத்த பிறகே அதை மாட்டுவேன்.